இட்லித் தட்டில் ரப்பர் புழு

தாட்சாயிணி,

அயனம்பாக்கம் ஏரிக்குத் தூண்டிலோடு போகிறேன். நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. டிகாக்ஷன் போட்டிருக்கிறேன்.

நேற்று உன் இட்லித் தட்டில், தூண்டிலில் மாட்டும் அந்த ரப்பர்ப் புழுக்களை வேகவைத்தது என் தவறுதான். கப்பலில் வேலை பார்க்கும் என் சிநேகிதன் ஜானகிராமன் கொண்டுவந்தவை, டப்பாவிலேயே கோணிப்போயிருந்தன. ஆவியில் நிமிரும் என்று நினைத்தேன். குழிக்குக் குழி சுருண்டுகொண்டன.

பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா எட்டிப் பார்த்து, "இன்னா சார், ஜிலேபி சுட்டுக்கினு கீறியா? எனக்கும் ரெண்டு குடேன்!" என்றாள். அதற்குத்தான் சிரித்தேன். உன்னைப் பார்த்தல்ல. நீயோ, "காலைல ஊருக்கு வண்டியேறிடுவேன்" என்று பெட்டி கட்டிவிட்டாய். உன் அண்ணி இறந்தபின் இதுதான் முதல் சிரிப்பு. நிறுத்தத் தெரியவில்லை.

விடிந்ததும் வெந்நீரில் போட்டுப் பலகையில் நீட்டி, பச்சைத் தண்ணீரில் முக்கினேன். எட்டும் நிமிர்ந்துவிட்டன! வால்கூட ஆடுகிறது! தனியாக நின்று கைதட்டினேன்.

அந்தத் தட்டில் இனிமேல் இட்லி வேண்டாம். புதிது வாங்கி வருகிறேன். போகாதே.

அண்ணன்

பி.கு.: உன் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். உனக்கு எட்டாது. மதியம் இறக்கித் தருகிறேன். அப்போதும் போவதென்றால் ஸ்டேஷன்வரை நானே சுமந்து வருகிறேன். மெதுவாகத்தான் நடப்பேன்.