கிழியாமல் எடுத்த ஸ்டிக்கர்

நவம்பர் 3, திங்கள்

தக்காளி வண்டிகள் மார்க்கெட் ரோட்டை அடைத்துக்கொண்டதில் பத்து நிமிடம் தாமதம். மையத்தின் வாசலில் மாதவராஜ் சார் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மையம் அவருடையது, கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவள் நான். எட்டு வருடமாக இதே கடிகாரப் பார்வை.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். பென்டிரைவ் இருபத்திரண்டையும் சரிபார்த்தேன். இரண்டில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. ஊக்கால் சுரண்டி எடுத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

கோபம் தீரவில்லை. வரிசையாக எழுதினால்தான் அடங்கும்.

எங்கள் கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. விண்டோஸ் முழுவதும் பென்டிரைவில்தான். மாணவர்கள் இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. மையத்தில் செருகினால் அவரவர் வேலை அப்படியே திறக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் அண்ணன் லேப்டாப்பிலோ மாமன் கடையிலோ செருகினாலும் திறக்கும். ஏரியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற காவியாவுக்கு அதுதான் கம்ப்யூட்டரே. நான் செய்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு தருமபுரிப் பரீட்சை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி தீர்த்தகிரி, மாணவி சானியாவின் பென்டிரைவைக் கையில் எடுத்தார். "இதுக்கு லைசென்ஸ் எங்கம்மா?"

நான் ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் பழைய கம்ப்யூட்டர்களைப் பழைய இரும்புக்குப் போட்டபோது, பெட்டியில் ஒட்டியிருந்த லைசென்ஸ் ஸ்டிக்கர்களை மட்டும் உரித்து வைத்துக்கொண்டோம். மாதவராஜ் சார் சொன்னது: "பொட்டி போனா போவுது. லைசென்ஸ் நம்மளுதும்மா. பத்திரமா எடுத்து வெய்யி." ஹேர் டிரையரில் சூடு காட்டி, ஒன்றுகூடக் கிழியாமல் இருபத்திரண்டையும் எடுத்து நோட்டில் ஒட்டினேன். பூஜைக்கும் வைத்தோம். ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் ஒரு குங்குமப் பொட்டு!

தீர்த்தகிரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிரிக்கவில்லை.

"அந்த பொட்டிங்க எங்கம்மா?"

"பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்க."

"அப்ப லைசென்ஸும் அதோட போச்சு. அது அந்த பொட்டிக்குக் குடுத்ததும்மா. ஸ்டிக்கருக்குக் குடுத்ததில்ல."

பத்து நாளில் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். அதுவரை இருபத்திரண்டு பேரின் பெயரும் டிசம்பர் பரீட்சைக்குப் போகாது. இதைக் கேட்டதும் மாதவராஜ் சார் கையைக் கட்டிக்கொண்டார். "எனக்கு கம்ப்யூட்டர பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க சார். எல்லாம் இந்தம்மா செய்யறதுதான்."

நவம்பர் 7, வெள்ளி

ஒண்ணுமே தெரியாதாம். ஸ்டிக்கர நான் உரிக்கறப்ப பக்கத்துல நின்னு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுன ஆளு.

நவம்பர் 8, சனி

விண்டோஸின் உரிம ஒப்பந்தத்தை இன்றைக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். இருபத்திரண்டு தடவை "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தியவள் ஒரு தடவைகூடப் படித்ததில்லை. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம்.

கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த உரிமம் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். பென்டிரைவில் போட்டு ஊர் சுற்ற அதில் இடமில்லை. அதற்கு வேறு உரிமம் இருந்ததாம், பெரிய நிறுவனங்களுக்கு மட்டும். அந்த வசதியையும் நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

நாங்கள் இதை நிலப் பத்திரம் மாதிரி நினைத்திருக்கிறோம், கையில் காகிதம் இருந்தால் நிலம் நம்முடையது என்று. இது பஸ் டிக்கெட். தருமபுரிக்கு எடுத்த டிக்கெட்டை அடுத்த பஸ்ஸில் நீட்டினால் கண்டக்டர் இறக்கித்தான் விடுவார்.

மாதவராஜ் சார் மேல் வந்த கோபத்தில் பாதி இப்போது என் மேல். அவருக்குத் தெரியாது, சரி. சொல்லிக்கொடுக்கிறவள் நான், எனக்கும் தெரியாதா? தெரியாது. எட்டு வருடம் வகுப்பெடுத்தவளுக்குத் தெரியாது. தூ.

நவம்பர் 10, திங்கள்

விளக்கத்தை மாதவராஜ் சாரே தயார் செய்து டைப் அடித்து வைத்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

"மேற்படி பென்டிரைவ்களை மாணவர்கள் தாங்களாகவே வெளியிலிருந்து கொண்டுவந்தனர். இதற்குக் காரணமான மூவரை நீக்கிவிட்டோம்." கீழே மூன்று பெயர். முதல் பெயர் சானியா. அவள் பென்டிரைவ்தானே அதிகாரி கையில் சிக்கியது!

"என்னாங்க சார் இது?" என்றேன்.

"மூணு பேரு போனா பத்தொம்பது பேரு தப்பிக்கும். உன் வேலயும் நிக்கும். யோசிச்சுப் பாரும்மா."

யோசித்தேன். அதுதான் அசிங்கம். மகளின் ஸ்கூல் பீஸை நினைத்து, வேனில் வீடு வருகிற வரைக்கும் யோசித்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

எப்படியோ பேச்சு வெளியே போய்விட்டது. சானியாவின் அப்பா கவுஸ் பாஷா, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், மதியம் மையத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"மேடம், எம்பொண்ணு என்னாங்க தப்பு பண்ணுச்சு? நீங்க குடுத்ததத்தான வூட்டுக்குக் கொண்டாந்துச்சு?"

சானியா அவர் பின்னால் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிச்சிருந்தாக்கூட இப்படி வலிக்காது.

நவம்பர் 12, புதன்

தருமபுரி போய் தீர்த்தகிரி அவர்களின் அலுவலகத்தில் என் கடிதத்தைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன். நானே கையால் எழுதியது.

"உரிமையாளர் சொல்ல, ஸ்டிக்கர்களை உரித்தவள் நான். பிரதிகள் எடுத்தவளும் நான். படிக்காமல் ஒப்புக்கொண்டவளும் நான். மாணவர்கள் நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இருபத்திரண்டையும் அழித்துவிடுகிறேன்."

கையெழுத்துக் கோணலாகிவிட்டது. போகட்டும்.

நவம்பர் 15, சனி

அழித்தாயிற்று. எல்லாவற்றிலும் இப்போது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ், இலவசமாகக் கிடைப்பது. இந்தத் தடவை முதலில் உரிமத்தைப் படித்தேன், பிறகுதான் கை வைத்தேன். இலவசம் என்றதும் வாயைப் பிளக்க நான் தயாரில்லை.

உள்ளே நூற்றுக்கணக்கான மென்பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம். முக்கியமானதில் இப்படி இருக்கிறது: நகலெடுக்கலாம், மாற்றலாம், யாருக்கும் கொடுக்கலாம், விலைக்கும் விற்கலாம். ஆனால் வாங்குகிறவருக்கும் அதே உரிமைகள் போய்ச் சேர வேண்டும். நடுவில் நின்று மறிக்கக் கூடாது.

பழைய சி.டி.யிலிருந்து எடுத்த தமிழ் எழுத்துருக்களையும் வீசினேன். அவையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவையாம்! தடையில்லாதவற்றைத் தேடிப் போட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

தீர்த்தகிரி வந்தார். பென்டிரைவ்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். இருபத்திரண்டு பெயரும் பரீட்சைக்குப் போகும். மையத்துக்கு எச்சரிக்கைக் கடிதம். போகும்போது என்னிடம், "மொதல்லயே படிச்சிருக்கலாம்மா" என்றார். உண்மைதான், கோபப்பட ஒன்றுமில்லை.

கார் கிளம்பியதும் மாதவராஜ் சார் சொன்னார்: "நாளையிலிருந்து வர வேணாம். உப்புப் போட்டுச் சோறு தின்னவங்க இப்படிச் செய்வாங்களா?"

"என் சோத்துக்கு நான்தாங்க உப்புப் போட்டேன்" என்றேன். எட்டு வருடத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அது என்று தோன்றியது.

டிசம்பர் 13, சனி

பரீட்சை. இருபத்திரண்டு பேரும் எழுதினார்கள். அவர்கள் போவதை நான் பஸ் ஸ்டாண்டிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஜனவரி 7, புதன்

கவுஸ் பாஷா கடை மாடியில் எனக்கு இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பெஞ்சும். வந்து மூன்று வாரம் ஆகிறது. ஏழு பேர் படிக்கிறார்கள்.

மதியம் சானியா மூச்சு வாங்க ஏறிவந்தாள். "மிஸ், இதப் பாருங்க." மையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற பென்டிரைவ். அவள் சித்தி மகன் கொண்டுவந்ததாம். செருகினேன். நான் செய்த அதே லினக்ஸ், நான் தேடிப்போட்ட அதே எழுத்துருக்கள். மேலே மையத்தின் பெயர் அச்சடித்த பளபளப்பான ஸ்டிக்கர்: "உரிமம் எமக்கே. நகலெடுப்பது சட்டப்படி குற்றம்."

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அடப்பாவி மனுஷா! விற்றுக்கொள்ளட்டும், அதற்கு உரிமம் விடுகிறது. மறிப்பதற்குத்தான் விடவில்லை.

"அவன் இத காப்பி எடுக்கலாமா மிஸ்? பயப்படுறான்."

"எத்தன வேணும்னு கேளு" என்றேன்.

அவனுக்கு மூன்று எடுத்துக் கொடுத்தோம். பிறகு கீழே போய் ஷகிலா அக்காவிடம் ஹேர் டிரையர் கேட்டு வாங்கிவந்தேன். சானியாவின் அம்மா அவர், எதற்கு என்று கேட்கவில்லை. கொஞ்சம் சூடு காட்டி, ஓரத்தில் நகத்தைக் கொடுத்து மெதுவாக இழுத்தேன். கிழியாமல் வந்தது. பழகின கை.

அதைத்தான் இந்தப் பக்கத்தின் கீழே ஒட்டியிருக்கிறேன். பொட்டு வைக்கவில்லை.