மச்சாளுக்குச் சத்தி வந்த கதை

என் தங்கமான மச்சாள் பூரணத்துக்கு,

நீ போய் ஒரு வருஷமாகப் போகிறது. வெள்ளைக்காரன் கப்பலேறப் போகிறான் என்று கொட்டாஞ்சேனை முழுக்க ஒரே கதை. உன் புருஷன், அதுதான் என் அண்ணன், இப்போது தானே தேத்தண்ணி போடுகிறார். குடிக்கிற மாதிரியும் இருக்கிறது. நம்புவாயா?

உன் வயிற்றுக் கட்டிக்கு மோர்பியா தந்த நாட்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மருந்து உள்ளே போனால் வலி அடங்கும். கையோடு குமட்டல் கிளம்பும், குடித்த தண்ணீர்கூடத் தங்காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நீதான்.

நம் டொக்டர் மதராஸ்காரர், இங்கே வந்து புதிது. "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார்.

"மருந்து குடிச்ச உடன சத்தி வருது டொக்டர்," என்றாய்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சக்தி வருதா? ரொம்ப நல்லது! இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுங்க."

படித்த மனிதர், இதிலும் ஏதோ சூட்சுமம் இருக்கும் என்று நாமும் வாயை மூடிக்கொண்டோம். நாம் சத்தி என்பதற்கு அவருடைய ஊரில் வாந்தி என்றுதான் பெயராம். யாருக்குத் தெரியும்?

அடுத்த நாள் குடலே வெளியே வருகிற மாதிரி எடுத்தாய். "வலியோட கிடந்து செத்தாலும் பரவாயில்லை மச்சாள், இனி அந்த மருந்து எனக்கு வேண்டாம்," என்றாய். அந்த நேரம் பார்த்து டொக்டர் உள்ளே வந்தார். நீ சத்தியெடுத்த பேசின் பாத்திரத்தை அப்படியே அவர் முன் நீட்டினேன்.

"இதுதான் டொக்டர், நீங்கள் நல்லது எண்டு சொன்ன சத்தி!"

பாவம், மனிதர் வேர்த்துப்போனார். மருந்தின் அளவை நன்றாகக் குறைத்தார். "இந்த மருந்துக்குத் தலை ஆடினாலே குமட்டும்மா. கொஞ்ச நாள் அசையாமப் படுங்க. கஞ்சிய ஒவ்வொரு ஸ்பூனாக் குடுங்க. உடம்பு பழகிடும்."

அவர் படி இறங்கியதும் நீ சிரித்தாய். தலையை இம்மியும் அசைக்காமல், கண்ணீர் இரண்டு காதுக்கும் வழிய வழியச் சிரித்தாய். "சக்தி எண்டதும் அம்மாளாச்சியே எனக்குள்ள வந்திட்டா எண்டு நினைச்சிட்டார் போல!" அந்த வலிக்குள், அந்தக் குமட்டலுக்குள், சிரிப்பை எங்கேயடி வைத்திருந்தாய்? இன்றைக்கும் எனக்கு மயிர் சிலிர்க்கிறது.

அவர் சொன்னபடியே சில நாளில் குமட்டல் தணிந்தது. ஒரு காலை, "சொதியோட ஒரு இடியப்பம் தா," என்று கேட்டாய். நீ தின்று முடித்த பிறகும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தோம். தங்கியது. அண்ணன் குசினிக்குள் போய் நின்று அழுதார். அதற்குப் பிறகு அந்த மருந்தை நீ மறுக்கவேயில்லை. கடைசி நாள்வரை எங்களோடு கதைத்துக்கொண்டிருந்தாய்.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு மனுஷிக்கு இப்போது அதே மருந்து, அதே பாடு. வலியே இருக்கட்டும் என்கிறாள். நேற்றுப் போய்த் தலைமாட்டில் இருந்தேன். நாளைக்கு டொக்டரையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அவருக்கு இப்போது நம் தமிழ் நன்றாக விளங்கும்.

நான் உயிரோடு இருக்கும்வரை, இங்கே ஒருத்தியையும் குமட்டலுக்குப் பயந்து வலியோடு சாக விடமாட்டேன். இது உன்மேல் ஆணை.

உன்னை நினைத்து இன்னும் வாய்பிளந்து நிற்கிற,
உன் மச்சாள் செல்லம்