நீங்கள் கண்டுபிடிக்காத புதையல்

என் கூடப்பிறந்த ஒரே நானாவுக்கு,

அல்லாஹ் உங்கள் கப்றுக் குழியை விசாலமாக்கட்டும். துஆவை முதலில் கேட்டுவிட்டேன். இனி ஏசலாம்தானே?

உங்கள் ஜனாஸாவைத் தூக்குமுன் சாச்சா வாசலில் நின்று கேட்டார்: "மௌத்தானவரு யாருக்காவது பிழை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்து ஹலாலாக்கிக் குடுங்க." மடவளை ஊரே "ஆக்கிட்டோம்" என்றது. நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற உம்மா கையில் கிள்ளினார். அப்போதும் திறக்கவில்லை. ஒரு டீவி கேமுக்காகவா இவ்வளவு ஆங்காரம் என்பீர்கள். ஆமாம், அதற்காகத்தான்.

கார்ட்டூனில் வரும் பணக்கார வாத்து கைத்தடியை ஊன்றிக் குதித்துக் குதித்துப் புதையல் தேடுமே, அந்தக் கேம். ஓஃப் பண்ணினால் மறுபடி முதலிலிருந்துதான். அதனால் அஸருக்குப் பாங்கு சொன்னதும் பாதியில் அப்படியே நிற்பாட்டிவைத்துவிட்டுத் தொழப் பள்ளிக்கு ஓடுவீர்கள். "தங்கச்சி, யாரும் ஓஃப் பண்ணாமப் பாத்துக்கோ. நீயும் தொட்டுராதே." அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் டீவிக்குக் காவல்.

ஒருநாள் தொட்டேன். பனிமலைக் குகையில் சுவர் போலத் தெரிந்த இடத்துக்குள் வாத்தை நடத்தினேன். உள்ளே போய்விட்டது! மறைவான அறை, அதற்குள் புதையல். நீங்கள் வரும்வரை பொறுக்க முடியாமல் தெரு ஒழுங்கைக்கே ஓடிவந்து சொன்னேன். பின்னேரமே உங்கள் கூட்டாளிமார் வீட்டை நிறைத்தார்கள். அவர்களிடம் என்ன சொன்னீர்கள்? "நான்தான் கண்டுபுடிச்ச. தங்கச்சிக்குப் பழக்கியும் குடுத்தீக்கிறேன்." செய்துகாட்டியது நான், கைதட்டு உங்களுக்கு. கொஞ்சமாவது வெட்கம் இருந்ததா நானா?

அதையே என் கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியிடம் சொன்னீர்கள். உங்கள் பிள்ளைகளிடம் பெருநாளுக்குப் பெருநாள் சொன்னீர்கள். நான் வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு பேராதனை ஆஸ்பத்திரி. உங்கள் மகள் ஸனா அதே கேமை எங்கிருந்தோ போனில் இறக்கிக்கொண்டு வந்து, "வாப்பா, நீங்க கண்டுபுடிச்ச எடத்தக் காட்டுங்க" என்று நீட்டினாள். உங்களுக்கு எங்கே தெரியும்? களைப்பாக இருக்கிறது என்றீர்கள். அவள் தண்ணீர் வாங்கப் போனதும் மெல்லமாய் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"தங்கச்சி, அந்த எடம் எங்க ஈக்கி? சொல்லேன்."

"ஸனா வரட்டும். அவளுக்கு முன்னால கேளுங்க, சொல்றேன்."

போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டீர்கள். ஒரே ஒரு வசனம்தானே கேட்டேன்? கண்ணை மூடும் வரைக்கும் அந்தப் பவுசை விட மனம் வரவில்லையா? அடுத்த கிழமை உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்று ஸனா வந்தாள். "மாமி, வாப்பா சொன்ன எடம் ஒங்களுக்காவது தெரியுமா?" நான் போனை வாங்கவில்லை. அவள் கையிலேயே விட்டு, எங்கே நடக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். புதையல் வந்ததும் துள்ளினாள். "எங்கட வாப்பா எவ்வளவு கெட்டிக்காரர் மாமி!" சொல்லிக்கொண்டே அழுதாள். உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஓ மகள், கெட்டிக்காரர்தான்" என்றேன்.

பாருங்கள், மௌத்தான பிறகும் என் வாயாலேயே சொல்லவைத்துவிட்டீர்கள்! ராத்திரி முழுக்க ஆத்திரத்தில் அழுதேன். ஆத்திரத்தில் மட்டும்தானா என்று கேட்காதீர்கள்.

உங்கள் பிள்ளைகளிடம் ஒருநாளும் வாய் திறக்க மாட்டேன், இது என் வாக்கு. ஆனால் ஹலாலாக்கவும் மாட்டேன். மறுமையில், மஹ்ஷர் மைதானத்தில் எல்லோரும் கூடி நிற்கும்போது உங்களைத் தேடி வருவேன். உம்மா, வாப்பா, அந்தக் கூட்டாளிமார், ஸனா, எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள், "தங்கச்சிதான் கண்டுபுடிச்ச" என்று. அந்த நிமிஷமே ஹலாலாக்கித் தருகிறேன்.

உங்களோடு இன்னும் கோபமாக இருக்கும்,
ஒரே வயிற்றில் பிறந்த தங்கச்சி