காய்ந்துகிடந்த எலிக்கூண்டுகள்

அனுப்புநர்
ஆராய்ச்சியாளர், கல்லீரல் நொதிப் பிரிவு,
மருந்து ஆய்வு நிறுவனம்.

பெறுநர்
மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்.

பொருள்: நீரிழிவு நோயாளிகளுக்குத் திங்கட்கிழமை தொடங்கவிருக்கும் மருந்துச் சோதனையை நிறுத்திவைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும், விளக்கைக்கூடப் போடாமல், 'நீரிழிவு' என்று ஒட்டியிருந்த எலிக்கூண்டுகளுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மரத்தூள் காய்ந்திருந்தது. சர்க்கரை ஏறிய எலி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் சிறுநீர் கழிக்கும். அதன் கூண்டு காய்ந்திருக்க வழியே இல்லை. வாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தேன். ஓர் எலிக்கும் நீரிழிவு இல்லை. நோயை உண்டாக்கும் ஊசிமருந்தைக் கரைத்த கையோடு போட வேண்டும். முதல் நாளே கரைத்து வைத்ததில் வீரியம் போயிருக்கிறது. பிறகு ரத்தம் பார்ப்பதையும் அவசரத்தில் விட்டிருக்கிறார்கள்.

2. இவற்றோடு அதே ஊசி போட்ட மற்ற எலிகளின் கல்லீரலில்தான் மருந்தைச் சிதைக்கும் நொதிகளை நான் முன்பு அளந்தேன். நொதிகள் மாறவில்லை. அதை வைத்து, நீரிழிவாளர்களுக்கும் வழக்கமான அளவே கொடுக்கலாம் என்று அறிக்கை போய்விட்டது. உண்மையில் நீரிழிவு வந்த எலியின் உடம்பில் இந்த நொதிகளில் சில கூடும், சில குறையும். திங்கட்கிழமை கொடுக்கவிருக்கும் மருந்தைச் சிதைக்கும் நொதி, குறையும் வகை. சிதையாத மருந்து உடம்பில் தேங்கும். அடுத்த வேளை மருந்து அதன்மேல் சேரும். மனிதருக்கும் அப்படியே ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆகாது என்று சொல்ல எங்களிடம் இப்போது எதுவும் இல்லை.

3. பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். "கூண்டு காஞ்சிருந்தா நல்லதுதானேம்மா, கழுவுற வேலை மிச்சம்" என்று சிரித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "வீட்டுக்காரர் வேலையில்லாம இருக்காருல்ல? பாத்து நடந்துக்கங்க" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை. இதை எழுதும்போதும் என் கண் கதவுப் பக்கமே போகிறது.

4. நீரிழிவு உள்ள என் தம்பி இச்சோதனையில் சேர்ந்திருக்கிறான். "எங்கக்கா வேலை பாக்குற இடத்து மருந்துங்க, என்ன பயம்?" என்று சொல்லிச் சொல்லி இன்னும் சிலரையும் சேர்த்துவிட்டிருக்கிறான்.

5. எலிகளை அப்புறப்படுத்துமுன் ஆள் அனுப்பி அவற்றின் ரத்தத்தைச் சோதிக்கவும், அதுவரை மருந்துச் சோதனையை நிறுத்தவும் வேண்டுகிறேன்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கத்தான் நினைத்திருந்தேன். கேட்கவில்லை. தம்பியை ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடலாம்; அவன் பேச்சை நம்பி வந்தவர்களை அப்படி நிறுத்த முடியாது. தங்கள் உத்தரவு வராவிட்டால், திங்கட்கிழமை காலை மருந்து கொடுக்கும் அறையின் வாசலில் நிற்பேன். வருகிற ஒவ்வொருவரிடமும் கூண்டுகள் காய்ந்திருந்ததைச் சொல்வேன். இது என் கணவருக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி,
(முழுப் பெயருடன் ஒப்பம்)

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: ஆய்வுக்கூடம்