லியோன் வழக்கம்

மார்ச் 24, செவ்வாய்

லத்தீன் வகுப்புக்கு மறுபடி அறையை மாற்றிவிட்டார்கள். இப்போது பள்ளிச் சமையலறைக்கு மேலே. வெங்காயம் வதங்கும் வாசனையில் வினைச்சொற்கள் நடத்துகிறேன். "உங்களுக்குப் பிள்ளைகள் குறைவுதானே, ரெஜிஸ்" என்றார் தலைமையாசிரியர். குறைவு என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த திருப்தியை மறக்க மாட்டேன்.

ஏப்ரல் 4, சனி

அனூக் கூப்பிட்டாள். ஆறு வருடத்துக்குப் பிறகு மகளின் குரல்.

தன் கல்யாணத்தில் கைகோத்துப் பீடம்வரை அழைத்துப்போக அவள் பெர்னாரைத்தான் கேட்டாள், தன் அம்மாவின் இரண்டாம் புருஷனை. நான் போகவில்லை. பெற்றவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டுமா? இன்றைக்கும் அது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. அதன்பிறகு அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேத்தி பிறந்த செய்தி என் தம்பி சொல்லித்தான் தெரியும்.

"அப்பா, பதினெட்டாம் தேதி லியோன் வர்றோம். ஸெலிக்கு நான் பொறந்த ஊரைக் காட்டணும். அம்மாவும் பெர்னாரும் வர்றாங்க. நீயும் எங்ககூட சுத்துவியா?"

வருகிறேன் என்றேன்.

"ஒண்ணு சொல்லணும். ஸெலிக்கு உன்னைத் தெரியாது. பெர்னார்தான் தாத்தான்னு நினைச்சிட்டிருக்கா. அஞ்சு வயசு. இப்ப குழப்ப வேண்டாம். அம்மாவோட பழைய சிநேகிதர்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"முதல்ல ஒரு நாள் நல்லபடியா போகட்டுமே, அப்பா."

ஏப்ரல் 5

யோசித்துவிட்டேன். 'தாத்தா' என்ற ஒரே ஒரு வார்த்தை போதும். சரியான இடம் பார்த்து, குழந்தையின் காதில் விழும்படி நானே சொல்வேன். சொலேன் முகம் அப்போது எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். மனைவியாக இருந்தபோது என்னைப் பார்த்து அவள் ஒருமுறைகூடப் பயந்ததில்லை.

ஏப்ரல் 17

முடி வெட்டிக்கொண்டேன். "விசேஷமா?" என்றான் கடைக்காரன். உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்றேன். சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது.

ஏப்ரல் 18, சனி

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

ரயிலடியில் முதல் சறுக்கல். கன்னத்தில் இரண்டு முத்தம் கொடுத்து விலகிவிட்டேன், எங்கள் ஊர் வழக்கப்படி. அவர்கள் இருக்கும் மோன்பெலியேயில் மூன்று. அனூக்கின் கன்னம் மூன்றாவதற்காகக் காற்றில் நின்றது. அது எனக்குப் புரிவதற்குள் அவள் குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டாள். என் மகள் வேறு ஊர்க்காரி ஆகிவிட்டாள்.

"இன்னும் அதே கோட்டா, ரெஜிஸ்?" என்றாள் சொலேன்.

"அது மட்டும்தான் என்னை விட்டுட்டுப் போகலை."

பெர்னார் பலமாகச் சிரித்தான். நீச்சல் குளம் கட்டி விற்கிறவன். எதற்கும் சிரிப்பான்.

அவர்களுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு நின்றது. உள்ளே என் அம்மாவின் நெற்றி. அப்படியே, எடுத்து ஒட்டிவைத்ததுபோல.

"மெஸ்யூவுக்கு வணக்கம் சொல்லு" என்றாள் அனூக். மெஸ்யூ. தெருவில் போகிற எந்த ஐயாவுக்கும் அதே பெயர்.

"வணக்கம், மெஸ்யூ."

"இவர் ரெஜிஸ். இன்னைக்கு ஊரையெல்லாம் சுத்திக் காட்டப்போறார்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க முதல்ல எங்கே கூட்டிட்டுப் போகலாம்னு நினைக்கிறீங்க?"

நீங்க. கடைக்காரனை, வரி அதிகாரியைச் சொல்வதுபோல. நான் பெற்றவள். குழந்தை கேட்கிறதே என்றுதான், தெரியும். தெரிந்தும் என்ன? எட்டு வயதில் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு "நீ பொய் சொல்றே" என்று அதட்டிய வாய் அது.

மலை ரயிலில் ஃபூர்வியேர் குன்றுக்கு ஏறினோம். நாங்கள் அதைக் 'கயிறு' என்போம். "கயித்தைக் காணோமே?" என்று குழந்தை ஜன்னல் ஜன்னலாகத் தேடினாள். மேலே மாதா கோயிலைக் காட்டி, கால் நாலையும் தூக்கி மல்லாந்து கிடக்கும் யானை என்றேன். கழுத்தைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

"தும்பிக்கை எங்கே, மெஸ்யூ?"

"அடியில மாட்டிக்கிச்சு."

"பாவம்" என்றாள். அவ்வளவு உண்மையாக ஒருவர் பாவம் என்று சொல்லிக் கேட்டு எனக்கு நாளாயிற்று.

அங்கேயே சொல்லியிருக்கலாம். அதற்குள் பெர்னார் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

இறங்க நான் படிக்கட்டு வழியைக் காட்டினேன். பெர்னாருக்கு முழங்கால் வலி என்று சொலேன் முன்பே சொல்லியிருந்தாள். வேண்டுமென்றேதான் செய்தேன். "உங்க ஊர்ல எல்லாம் ஒண்ணு ஏத்தம், இல்லைன்னா இறக்கம். சமதளமே கிடையாதா, புரொஃபசர்?" என்று முனகிக்கொண்டே இறங்கினான். அப்போதும் சிரிப்பு.

பழைய லியோனில் சனிக்கிழமைக் கூட்டம். சர்க்கரைப் பாகில் தோய்த்த பாதாம் வைத்த சிவப்பு பிராலின் பணியாரம் வாங்க நின்றோம். திரும்பினால் குழந்தை இல்லை. மஞ்சள் கோட்டு ஒரு கதவுக்குள் நுழைவதை அனூக்தான் பார்த்தாள். எங்கள் ஊர் வீட்டுச் சந்துகளில் ஒன்று அது. ஒரு தெருவில் நுழைந்தால் வீடுகளின் வயிற்றுக்குள்ளேயே நடந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம். அந்தப் பக்கம் கார்கள் ஓடும் சாலை.

"இந்த வழி உனக்குத்தானே தெரியும்! ஓடு! நீ ஓடு, நீ அந்தப் பக்கம் போ!"

அனூக் அலறினாள். அந்தச் சந்துக்குள் எந்தச் சத்தமும் சாகாது, சுவருக்குச் சுவர் மோதிப் போய்க்கொண்டேயிருக்கும். நான் ஓடினேன். ஐம்பத்தாறு வயதில், அந்தக் கோட்டோடு.

நடு முற்றத்துக் கிணற்றடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. முகத்தில் கண்டிப்பு.

"அம்மா உங்களை 'நீ'ன்னு கத்தினா. எனக்குக் கேட்டுச்சு."

மூச்சு வாங்கியது எனக்கு.

"மெஸ்யூவை 'நீங்க'ன்னுதான் சொல்லணும். எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க. வீட்டு ஆளுங்களைத்தான் 'நீ'ங்கலாம். அம்மா ஏன் அப்படிச் சொன்னா?"

இதைவிட நல்ல இடம் எனக்கு எங்கே கிடைக்கும்? பின்னால் யாரும் வந்து சேரவில்லை. சாவியை அவளே என் கையில் கொடுத்துவிட்டாள். ஏனென்றால் நான் வீட்டு ஆள். ஏனென்றால் உன் அம்மா என் மகள். வாய்வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது அனூக் ஓடிவந்தாள். குழந்தையைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. தலையைக்கூட ஆட்டவில்லை. சும்மா நின்றாள். எட்டு வயதில், அம்மாவின் காரில் ஏறுவதற்கு முன்னால், என் வாசலில் இப்படித்தான் நின்றாள்.

"அது லியோன் வழக்கம்" என்றேன். "எங்க ஊர்ல அவசரம்னா எல்லாரும் எல்லாரையும் 'நீ'ன்னுதான் சொல்வோம்."

"நெசமாவா?"

"நெசமா."

"அப்போ நானும் சொல்லலாமா?"

"லியோன்ல இருக்கிறவரைக்கும் சொல்லலாம்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ரொம்ப வேர்த்திருக்கே" என்றாள்.

மத்தியானம் முழுக்க நீ, நீ, நீ. நீ இதைச் சாப்பிடு. உனக்கு மூக்கில முடி இருக்கு. நீ ஏன் மெதுவா நடக்கறே? பெர்னாரே திரும்பித் திரும்பிப் பார்த்தான். சோன் ஆற்றுப் பாலத்தில் சொலேன் என் பக்கத்தில் வந்து, "நீ சொல்லிடுவேன்னு நினைச்சேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டவன், ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் எடுக்க எல்லாரும் கைப்பிடிச்சுவர் ஓரம் நின்றார்கள். அனூக் தன் போனை என்னிடம் நீட்டினாள்.

"நீயும் வா!" என்று கத்தினாள் ஸெலி.

"நான் எடுக்கிறேன், புரொஃபசர், நீங்க போங்க" என்று பெர்னார் வெளியே வந்தான். உண்மையாகத்தான் சொன்னான். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்.

"தாத்தா இல்லாமலா?" என்றாள் குழந்தை.

அவனைத் திரும்பப் போய் நிற்கச் சொல்லிவிட்டு நானே எடுத்தேன். நன்றாக வந்திருந்தது. யாரும் கண்ணை மூடவில்லை.

ரயிலடியில் இந்த முறை மூன்று முத்தம் கொடுக்கப் போனேன். அனூக் இரண்டோடு விலகிவிட்டாள். எனக்காக.

ஏப்ரல் 19

வெளியே போகவில்லை. கோட்டில் பிராலின் கறை.

ஏப்ரல் 23

அனூக்கிடமிருந்து செய்தி: "அன்னைக்கு நீ செஞ்சது பெரிய விஷயம், அப்பா." பலமுறை படித்தேன். இப்படித்தான் தொடங்கும், இல்லையா? முதலில் ஒரு நாள் நல்லபடியாகப் போகட்டும் என்றாள். போயிற்றே.

ஜூலை 2

கோடையில் வரட்டுமா என்று கேட்டேன். வீட்டில் மராமத்து வேலையாம். அப்புறம் பார்க்கலாமாம்.

செப்டம்பர் 8

லத்தீனுக்கு நாலு பிள்ளைகள். வெங்காயம் அதேதான்.

டிசம்பர் 13, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு ஒரு வேளை, ஒரே ஒரு வேளை வந்துவிட்டுப் போகிறேன் என்றேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டுவிட்டேன்.

அனூக் சொன்னாள்:

"ஸெலியும் கேட்டா, லியோன் மெஸ்யூ வருவாரான்னு. அவருக்கு அவர் குடும்பம் இருக்கும், அவங்களோட இருப்பார்னு சொல்லிட்டேன்."

"சரி."

"நீதானே அன்னைக்கு அவ்வளவு அழகா சமாளிச்சே, அப்பா. அவ அதை அப்படியே நம்பிட்டா. நிம்மதியா இருக்கா. இப்ப மாத்திச் சொன்னா..." அழுதாள் போலிருந்தது. "கோவமா?"

கோபமில்லை என்றேன். எல்லார்மேலும் எனக்குக் கோபம் உண்டு, இவள்மேல் மட்டும் எங்கே போயிற்று?

பின்னாலிருந்து குழந்தையின் குரல். போனைக் கொடுத்தாள்.

"வணக்கம், மெஸ்யூ. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"ஸெலி, என்னை 'நீ'ன்னுதானே சொல்லுவே?"

"அது லியோன்ல. இப்ப நான் எங்க வீட்டுல இருக்கேன்ல."

"ஆமாம். மறந்துட்டேன். அப்படின்னா, நீங்க எப்படி இருக்கீங்க, மதாம்?"

மதாம் என்றதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்குள் எங்கிருந்தோ பெர்னார் கேட்டான்: "போன்ல யாரு, கண்ணு?"

"யாருமில்ல, தாத்தா. லியோன் மெஸ்யூ."