நேராக்கிய கோடு

மார்ச் 10, திங்கள். காலையிலேயே வெயில்.

சங்கம் அச்சடித்த புத்தகத்தில் நான் எழுதிய மலைக் கணவாய்க் குறிப்பு இருக்கிறது, என் பெயர் இல்லை. கீழே ‘மூத்த உறுப்பினர்களிடமிருந்து’ என்று மட்டும். எந்தத் தாயும் பிள்ளைக்கு மூத்த உறுப்பினர் என்று பெயர் வைத்ததில்லை.

மலைநாட்டுப் பெண் விமானிகள் சங்கமாம். பறப்பது மேற்கே மலையடிவாரத்தில். நிர்வாகம் தி.நகரில், லிஃப்ட் வைத்த வீட்டில்.

எங்கள் வழக்கம்: ஆனைவாய்க் கணவாயை முதல் தடவை தாண்டியவள், இறங்கியதும் ஷூவைக் கழற்றும் முன், காற்று என்ன செய்தது என்று சங்க நோட்டில் எழுத வேண்டும். போன வழியைக் கோடாகப் படமும் போட வேண்டும். ஒருத்தி எழுதியதில் இன்னொருத்தி கை வைக்கக் கூடாது. மறுப்பு இருந்தால் கீழே எழுதிக் கையெழுத்து. அந்த நோட்டைத்தான் இப்போது புத்தகமாக்கியிருக்கிறார்கள்.

விமானப் பயிற்சிப் பள்ளியில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். உரிமத்துக்கான பாடங்களை யாரும் சொல்லித் தரவில்லை. அகராதியும் நானும்தான்.

செயலாளர் வசுதாவுக்கு போன். நான்காவது தடவை எடுத்தாள். “அடுத்த பதிப்புல பார்க்கலாம் மேடம்.” எழுபத்திரண்டு வயதுக்காரியிடம் அடுத்த பதிப்பு!

மார்ச் 11, செவ்.

பி.பி. மாத்திரை வாங்க. கேஸ் பதிய. குழாயில் தண்ணீர் வரவில்லை.

வசுதாவுக்கு இரண்டு பக்கக் கடிதம். சங்க வாட்ஸப் குழுவிலும் போட்டேன். பதிலாக வந்தவை ஏழு கும்பிடு பொம்மை. ஒருத்தி ‘இனிய காலை வணக்கம்’.

மார்ச் 12, புதன். புழுக்கம்.

பட்டினப்பாக்கத்தில் மீன். தேவகி கூடைக்குப் பின்னாலிருந்தே, “இன்னாக்கா, மூஞ்சி உர்ருனு கீது? யாராண்ட சண்ட?”

சொன்னேன்.

“ஒரு பேருக்கா இம்மாம் கோவம்? நான் வித்த மீன துன்னுட்டு எவ என் பேர சொல்றா?”

சங்கரா அரைக் கிலோ.

மதியம் கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகத்தில் என் படத்தைப் பார்த்தேன். மூன்று நாளாகப் பெயரையே தேடினேன், படத்தைப் பார்க்கவில்லை. என் புத்தியை என்ன சொல்ல.

கோடு நேராக இருக்கிறது.

நான் போட்டது சாய்ந்த கோடு. கணவாயை நெருங்கும்போது காற்று விமானத்தைக் கீழே அழுத்தும். சாய்வாகப் போனவள் கொஞ்சம் திருப்பினால் போதும், சமவெளிப் பக்கம் வந்துவிடுவாள். நேராகப் போனவள் முழுக்கத் திரும்ப வேண்டும். அதற்குள் பாறை வந்துவிடும். என்னையும் காற்று அப்படி அழுத்தியது. சாய்வாகப் போனதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை நஸ்ரீன் தாண்டப் போகிறாள். சைதாப்பேட்டைப் பெண். முதல் தடவை, தனியாக. உடனே போன் போட்டு, கோடு சாய்வாக இருக்க வேண்டும் என்றேன்.

“ஆன்ட்டி, பேர் போடலன்னு கோவத்துல இருக்கீங்க. க்ரூப்ல எல்லாம் பார்த்தோம். புக்ல நேராத்தானே இருக்கு? எங்க சாரும் பார்த்துட்டு ஓகேன்னாரு.”

“உங்க சார் ஆனைவாயைத் தாண்டியிருக்காரா?”

“அவர் வந்தே ரெண்டு மாசம்தான் ஆகுது ஆன்ட்டி. க்ளாஸ் இருக்கு, வச்சிடவா?”

வைத்துவிட்டாள். நான் எழுதிய இரண்டு பக்கம் என் வாயையே அடைத்துவிட்டது. அதற்காக எழுதியது தப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மார்ச் 13, வியா.

சொல்லாமல் தி.நகர் போனேன். ஆட்டோக்காரர் பாண்டி பஜாரை இரண்டு தடவை சுற்றினார்.

“நோட்டை எடு” என்றேன். வசுதா எடுத்தாள். என் பக்கம், என் கையெழுத்து, என் சாய்ந்த கோடு.

“ஓ, அதுவா மேடம்? வயசானவங்க கை, நடுக்கத்துல கோணிடுச்சுன்னு நினைச்சேன். டிசைன்ல நேராக்கிட்டேன். உங்க கௌரவத்துக்காகத்தான்.”

“தேதியைப் பார். இந்தக் கோட்டைப் போட்டப்போ எனக்கு முப்பத்தொண்ணு.”

அவள் தேதியில் விரல் வைத்துப் பார்த்தாள். சமவெளியில் மட்டும் பறந்தவள். தண்ணீர் கேட்டேன். டம்ளர் தளும்பத் தளும்ப நானே ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மேடம், குடிங்க ப்ளீஸ். எனக்கு பயமா இருக்கு.”

ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகுதான் குடித்தேன். காபி ஃபில்டரை மலையாக வைத்து, அவள் போனை விமானமாக்கி நேராக ஓட்டிக் காட்டினேன். திருப்ப இடமில்லாமல் ஃபில்டரில் இடித்தது.

“ஐயோ, சனிக்கிழமை நஸ்ரீன்...”

“அதான்.”

வசுதா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “முதல்ல கோட்டை மாத்திடறேன் மேடம். பேர் அப்புறம்...”

“ரெண்டும். பேர் இருந்தாத்தான் சந்தேகம் வந்தா யாரைக் கேக்கணும்னு தெரியும். நீ யாரைக் கேட்டே?”

மார்ச் 14, வெள்ளி. மேகம். மாத்திரை வாங்கியாயிற்று. இனி யார் என்ன செய்ய வேண்டும்:

வசுதா: இன்று பகலுக்குள் குழுவில் எழுத வேண்டும். ‘கோட்டை நான் மாற்றினேன், தவறு’ என்று, ‘நான்’ என்ற சொல்லோடு. கொடுத்த பிரதி எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டும். அச்சகத்துக்கு அனுப்பக் கூடாது. என்னிடம்.

நான்: ஒவ்வொரு பிரதியிலும் கையால், மையால், சாய்ந்த கோடு. பக்கத்தில் ஸ்டெல்லா என்று.

நஸ்ரீனின் சார்: இன்று மாலைக்குள் எனக்கு போன். நான் போட மாட்டேன்.

நஸ்ரீன்: நாளை சாய்வாகப் போக வேண்டும். காற்று சரியில்லாவிட்டால் திரும்பிவிட வேண்டும், வெட்கப்படாமல். இறங்கியதும், ஷூவைக் கழற்றும் முன், நோட்டில் என் குறிப்புக்குக் கீழே எழுத வேண்டும். நான் சொன்னது தப்பாக இருந்தால் அதையும். கையெழுத்தோடு.