அண்ணன் பெயரில் ஒரு சாதிக்காய் பெக்கெட்

3 ஜூன், செவ்வாய்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட பெட்சீட் இரண்டு தரம் பக்கத்து லயத்து வாசலில் போய் விழுந்தது. மழை என்று சொல்ல முடியாது, தூறல்.

செய்ய வேண்டியவை: வைவா வாய்மொழிப் பரீட்சைக்குப் பேச்சு எழுத. கறுப்புச் சப்பாத்து தைக்கக் கொடுக்க. கம்பஸ் தோழி ரிஸ்னாவின் புத்தகத்தைத் தேட.

ஒன்றும் நடக்கவில்லை. பதினொரு மணிக்கு கம்பஸிலிருந்து மிஸ் ஒரு படம் அனுப்பினார். என் கடைசி வருஷ ப்ரொஜெக்டை மேற்பார்க்கிறவர் அவர். படத்தில் ஒரு சாதிக்காய்த் தூள் பெக்கெட். தம்புள்ளைக்குப் போகும் வழியில் பலாபத்வலையில் ஒரு கடையில் வாங்கினாராம். பெக்கெட்டின் முன்பக்கத்தில் இருப்பது என் படம்.

ஒத்த மாதிரி இல்லை. அதே படம். சாதிக்காயைச் சுற்றியிருக்கும் சிவப்புப் பூவை ஒரு கையாக வரைந்திருந்தேன். ஐந்து விரல், காயைப் பொத்திப் பிடித்தபடி. சின்ன விரல் மட்டும் பாதியில் வளைந்திருக்கும். அம்மாவுக்கு விறகு வெட்டும்போது கத்தி பட்ட விரல் அது. அதுகூட அப்படியே.

கீழே மிஸ் எழுதியிருந்தது: கடையில் விற்கிற டிசைனை நீ காப்பியடித்ததாக மற்ற பரீட்சகர் சொல்கிறார். 12ஆம் திகதி விசாரணை. விளக்கத்தோடு வா. களவு என்று முடிவானால் ப்ரொஜெக்ட் ரத்து, டிகிரி இந்த வருஷம் இல்லை.

என் படத்தை நானே களவெடுத்தேனாம். சிரிப்பு வந்தது. பகல் சாப்பிடவில்லை.

4 ஜூன், புதன்

பலாபத்வலைக்கு பஸ்ஸில் போய் அந்தப் பெக்கெட்டை வாங்கி வந்தேன். பின்பக்கத்தில் அண்ணன் வேலை செய்யும் ஸ்பைஸ் கார்டனின் பெயர். நிம்மதி. யார் திருடியது என்று அண்ணனே கண்டுபிடித்துத் தருவான்.

அண்ணன் அங்கே இரண்டு வருஷம் வெள்ளைக்காரர்களுக்கு மரம் செடி காட்டும் கைட். போன மாதத்திலிருந்து பெக்கிங் செக்ஷன் மெனேஜர். ஆவணியில் கல்யாணம். பெண் வீட்டார் மெனேஜர் என்றதும்தான் சரி என்றார்கள்.

பின்னேரம் அவன் சோறு சாப்பிடும்போது பெக்கெட்டைக் காட்டினேன்.

"எங்க கார்டனோடது தான்."

"யாரு வரஞ்சதுண்ணே?"

"கொழும்புல யாரோ. எங்க மொதலாளி மாத்தயாவுக்குத் தெரிஞ்ச ஆளு."

"கேட்டுச் சொல்றியா? என் டிகிரியே போயிரும்."

"பாக்குறேன், பாக்குறேன். சோத்த திங்க விடு."

மிஸ்ஸுக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். கொழும்பில் யாரோ என் வேலையைத் திருடியிருக்கிறார்கள், என் அண்ணன் விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்று. இதை எழுதும்போது கன்னம் சுடுகிறது. (ஆறாம் திகதி சேர்த்தது: கடைசி வசனம் மட்டும்.)

6 ஜூன், வெள்ளி

இன்னும் பெரிய தலையிடி. பெக்கெட்டில் உற்பத்தித் திகதி ஏப்ரல். என் ப்ரொசெஸ் புக்கில் முதல் ஸ்கெட்ச் மே மாதம்.

இதை இங்கே மட்டும் எழுதலாம். ப்ரொசெஸ் புக் என்பது டிசைன் எப்படிப் பிறந்தது என்று முதல் கிறுக்கலிலிருந்து காட்டும் கொப்பி. அதற்குத் தனி மார்க்ஸ். எங்கள் பெட்ச்சில் யாரும் அதை வேலை நடக்கும்போது வரைவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து, பிழையான ஐடியா நாலைந்தைக் கற்பனையாக வரைந்து, குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் 'சரிவராது' என்று எழுதுவோம். ரிஸ்னா தேத்தண்ணிக் கறைகூட வைப்பாள். திகதியும் வாய்க்கு வந்தபடிதான். நான் மே என்று போட்டேன். ஏன் மே? சும்மா.

உண்மையில் வரைந்தது மார்ச்சில். சீனிப் பை பிரித்த பிறவுண் பேப்பரில். அதில் பென்சில் நன்றாக ஓடும். லெப்டொப்பில் ஒரே ஃபைலைத் திருத்தித் திருத்தி மேலேயே சேவ் பண்ணியதால் அதுவும் மே என்கிறது. பழைய ஃபோன் குளிக்கிற பீலித் தண்ணீரில் விழுந்து செத்தது, படங்களும் அதோடு. மிஸ்ஸுக்கு மே வரை தலைப்பு மட்டும்தான் காட்டியிருந்தேன். முட்டாள், முட்டாள்.

ரிஸ்னா கோல் எடுத்தாள். "அந்த ஃபைல் யார்ட கையில எல்லாம் ஈந்திச்சுன்னு எழுதிப் பாரு டீ."

எழுதினேன்.

நான்.
ரிஸ்னா.
பென்ட்ரைவ். சித்திரை லீவில் கலர் ப்ரின்ட் எடுத்து வரச் சொல்லி அண்ணனிடம் கொடுத்தது.

மூன்றாவது வரியை எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிஸ்னா "ஹலோ, ஹலோ" என்கிறாள்.

அண்ணன் பீலியடியில் பைக் கழுவிக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் கேட்டேன். துணியைப் பிழிந்தான், மறுபடி நனைத்தான்.

"ப்ரின்ட் எடுக்கிறப்ப மாத்தயா பாத்துட்டாரு. யாரு வரஞ்சதுன்னு கேட்டாரு. நீ தானான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒன்னும் சொல்லல. சிரிச்சேன். அவரா நெனச்சிக்கிட்டாரு."

"கொழும்புல யாரோன்னு ஏன் சொன்ன?"

பைக்கின் முன்சில்லைத் துடைத்தான். கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல அவ்வளவு பதமாக.

7 ஜூன், சனி

ரிஸ்னா வீட்டில் ஹஜ் பெருநாள். வாழ்த்து அனுப்பினேன். வட்டிலப்பம் படம் அனுப்பினாள். விசாரணைக்குத் தானும் வந்து சாட்சி சொல்கிறாளாம். வேண்டாம் என்றேன். வந்தால் அவளுடைய தேத்தண்ணிக் கறையையும் கிளறுவார்கள். எனக்காகத் தன் மார்க்ஸைப் பணயம் வைக்கப் பார்க்கிறாள். கூடப் பிறந்தவன் என்னடா என்றால்.

பிறவுண் பேப்பரைத் தேடினேன். பெட்டி, கட்டிலுக்கடி, சாமிப் படத்துக்குப் பின்னால். இல்லை.

"அந்தப் பேப்பரயா தேடுற?" அம்மா அடுப்படியிலிருந்து. "அண்ணன் சித்திரைக்கே கொண்டு போயிட்டானே."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"மாத்தயா கேட்டாருன்னு சொன்னான். வேல உசத்தித் தருவாருன்னான்."

"அவன் வரஞ்சதா சொல்லியிருக்கான்மா."

அம்மா தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை. "ஒரு படம் தானே புள்ள. நீ இன்னும் நூறு வரைவ. நீ படிச்சவ, எங்க போனாலும் பொழச்சிக்குவ. அவனுக்கு இது போச்சின்னா கல்யாணமும் போச்சி."

ஒரு படம் தானே. அந்தக் கையை வரைய மார்ச்சில் இதே அடுப்படியில் அம்மாவை எத்தனை பின்னேரம் தேங்காயைப் பிடித்தபடி உட்காரச் சொன்னேன். கை மரத்துப் போகுது என்று சிணுங்கிக்கொண்டே உட்கார்ந்தாரே. அண்ணன் எடுத்ததைவிட அம்மாவுக்குத் தெரிந்திருந்ததுதான் தாங்க முடியவில்லை. இரண்டு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் கோலில் "நல்லா படி" என்று சொன்னார்.

சாப்பிடக் கூப்பிட்டார். போகவில்லை. பிறகு பசித்தது, போனேன். அதுவும் வெட்கம்.

8 ஜூன், ஞாயிறு

மாத்தயாவிடம் நேரே சொல்லிவிடுவது என்று ஸ்பைஸ் கார்டனுக்குப் போனேன். வழியெல்லாம் சிங்கள வசனங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே.

நல்ல மனிதர். தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். என்னை நங்கி, தங்கை என்றுதான் கூப்பிட்டார். "நங்கி, உங்க அண்ணனுக்கு இப்படி ஒரு கை இருக்குன்னு ரெண்டு வருஷமா எங்களுக்குத் தெரியாதே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்து, ஒஃபீஸ் சுவரைக் காட்டினார்.

கண்ணாடி ஃப்ரேமுக்குள் என் பிறவுண் பேப்பர். சீனிப் பையின் கரையோரம் பசை ஒட்டியிருந்த இடம்கூடத் தெரிகிறது. வலது மூலையில் நீலப் பேனையால் 'எஸ். சுரேஷ்', அண்ணனின் பெயர்.

சும்மா சிரித்தேன், அவரா நெனச்சிக்கிட்டாரு என்றானே. கையெழுத்தும் தானாகப் போட்டுக்கொண்டதா?

அண்ணன் கதவடியில் வந்து நின்றான். மெனேஜர் சேர்ட், பொக்கெட்டில் பேனை. அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் வந்த சிங்களமெல்லாம் போய்விட்டது. "லஸ்ஸனய்" என்றேன் மாத்தயாவிடம். அழகாக இருக்கிறது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

என் மேலேயே கோபம்.

10 ஜூன், செவ்வாய்

போயா, பௌர்ணமி விடுமுறை. பாதை முழுக்க தன்சல், இலவசச் சாப்பாட்டுப் பந்தல்கள், பஸ்ஸெல்லாம் நின்று நின்று போகிறது. அண்ணனுக்கு லீவு.

காலையில் ஒரு என்வலப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "ஒன் பிரச்சின முடிஞ்சிச்சு. இதக் குடு, ஒருத்தனும் ஒன்னய ஒன்னும் செய்ய மாட்டான்." முகமெல்லாம் சந்தோஷம். உண்மையிலேயே எனக்கு உதவி செய்துவிட்டதாக நினைக்கிறான்.

கார்டனின் லெட்டர்ஹெட், இங்கிலீஷில் டைப் செய்தது. விஷயம் இதுதான்: மேற்படி படத்தை வரைந்தவன் நான். என் தங்கை தர்ஷினி தன் படிப்புக்காக அதைப் பயன்படுத்த முழு மனதோடு அனுமதி கொடுத்திருக்கிறேன்.

அனுமதி. எனக்கு. அவன்.

கீழே அவன் கையெழுத்து. அதற்குக் கீழே சாட்சி என்று ஒரு கோடு. கோட்டின் மேல் அம்மாவின் பெயர், தமிழில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி எழுதியது.

"படிச்சிப் பாத்தா போட்டீங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இங்கிலீஸ்ல இருக்கு. அவன் வாசிச்சிச் சொன்னான்."

"அப்ப தெரிஞ்சிதான் போட்டிருக்கீங்க."

"ரெண்டு பேரும் என் புள்ளைங்க தானே. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்."

ரெண்டு பேரும் இல்லைம்மா என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் குறைந்தது.

12 ஜூன், வியாழன்

மாத்தளையிலிருந்து விடியக்காலை பஸ். கடிதத்தைக் கொடுப்பதில்லை என்றுதான் ஏறினேன். கிழிக்கவும் இல்லை. பையில் இருந்தது.

அறையில் மூன்று பேர். மிஸ், மற்ற பரீட்சகரான சேர், குறிப்பெடுக்க ஒருவர். உள்ளதைச் சொன்னேன். மார்ச்சில் வரைந்தது, பிறவுண் பேப்பர், பென்ட்ரைவ், அண்ணன் எடுத்தது. ப்ரொசெஸ் புக் திகதிகள் நானே போட்ட பொய்த் திகதிகள் என்பதையும்.

சேர் கொப்பியை மூடினார். "இந்தப் புத்தகத்துல பொய் சொன்னேன்னு சொல்றீங்க. இப்ப சொல்றத மட்டும் எப்படி நம்புறது?"

நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மிஸ் மெதுவாக, "கம்பெனியிலருந்து ஏதாவது எழுத்துல இருக்கா தர்ஷினி? ஏதாவது?"

நாலு வருஷம். முதல் வருஷம் மௌஸ் பிடிக்கத் தெரியாமல் நின்றது. அப்போது லெப்டொப்பும் இல்லாமல் லேபில் பூட்டும்வரை இருந்தது. இன்னொரு வருஷம் என்றால் அம்மா அனுப்பமாட்டார். ரத்து என்ற வார்த்தை சேரின் பேனை முனையில் இருந்தது, எனக்குத் தெரிந்தது.

எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று பேரும் வாசித்தார்கள். அரை மணி வெளியே நிற்கச் சொன்னார்கள். முடிவு: உரிமையாளரின் அனுமதியோடு பயன்படுத்திய படம், களவு அல்ல. சொந்தப் படைப்புக்கான மார்க்ஸ் இல்லை. பெக்கெட் அமைப்புக்கும் எழுத்துக்கும் மட்டும் மார்க்ஸ். மட்டுமட்டாகப் பாஸ்.

முதலே கடிதத்தைக் காட்டியிருக்கலாமே, வீணாக அண்ணன்மேல் பழி போட்டாய் என்றார் மிஸ். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

எழும்பும்போது சேர் பெக்கெட்டை இன்னொரு தரம் கையில் எடுத்தார். "நல்ல கை. அந்த விரலப் பாருங்க, எவ்வளவு கவனிச்சிருக்கார். அண்ணனையும் எங்க கோர்ஸுக்கு அப்ளை பண்ணச் சொல்லுங்க."

"சொல்றேன் சேர்" என்றேன்.

13 ஜூன், வெள்ளி

ரிஸ்னாவின் ரூம். வெயில். அவள் லைப்ரரிக்குப் போய்விட்டாள். பாணும் பருப்பும் மூடி வைத்திருக்கிறாள்.

அம்மாவுக்குப் பாஸ் என்று மட்டும் சொன்னேன். அழுதார். "பாத்தியா, ஒன்னும் ஆகல" என்றார்.

பத்தரைக்கு அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப். பார்ட்டி எப்போது என்று கேட்டு மூன்று சிரிப்பு. அடுத்து: "தங்கச்சி, மாத்தயா தீபாவளிக்கு ஏலக்காய் பெக்கெட்டுக்குப் புதுப் படம் ஒன்னு கேக்குறாரு. என்னயத் தான் வரையச் சொல்றாரு. நீ இப்ப சும்மா தானே இருக்க?"

வாசித்துவிட்டேன். அவன் பக்கம் நீல டிக் இரண்டும் விழுந்திருக்கும். விழட்டும்.